மைக்கில் வாசிக்கப்படாத மனு

பெரம்பலூரில் எங்கள் பங்குக் கோயிலில் சனிக்கிழமை சாயங்காலம் மாதா நவநாள். பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு தகரப் பெட்டி உண்டு. வேண்டுதல் இருப்பவர்கள் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள், பெயர் போடாமல். செபமாலை முடிந்ததும் பெட்டியைத் திறந்து சீட்டுகளை மைக்கில் வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். கவிதை எழுதுகிறவன், உச்சரிப்பு சுத்தம் என்று பங்குத் தந்தை அந்த வேலையை என்னிடம் விட்டிருந்தார்.

வாசித்தேன் என்பது முழு உண்மை இல்லை. திருத்தினேன். ‘மாட்டுக்கு மடிவீக்கம் கொறையணும்’ என்று ஒருவர் எழுதியிருப்பார். ‘வாயில்லா ஜீவன்களின் பிணி நீங்கிட’ என்று என் வாய் சொல்லும். ‘பையன் குடிய நிறுத்தணும்’ என்பது ‘இருளில் தடுமாறும் இளையோர் ஒளி கண்டிட’ ஆகிவிடும். மைக்கில் என் குரல் சுவரில் மோதித் திரும்பி வரும்போது எனக்கே கண் கலங்கும். கலங்கியது யாருக்காக என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

போன ஆடியில் அந்தச் சீட்டு வந்தது. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம், பென்சில் எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து விழுவது போல. ‘எந்தம்பி எவ்வூட்டு வாசப்படி மிதிக்கணும் தாயே.’

மைக்கைக் கையால் மூடிக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது நான் ஐதராபாத்தில் ஆபீஸ் பயிற்சியில் இருந்தேன். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன், அதுவரை உடலை வையுங்கள் என்று போனில் கெஞ்சினேன். வரதராஜன்பேட்டைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் தள்ளி, மாலை சாத்தி, ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் அக்கா. அடக்கத்துக்கு நேரம் குறித்தவளும் அவள்தான். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன், இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று. ஏன் காத்திருக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

இப்போது என் சொல்லே என் கையில், பென்சிலில். ‘பிரிந்த உறவுகள் மீண்டும் மலர்ந்திட’ என்று வாசித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அது வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். ஒரு சொல் மாறவில்லை.

சந்தேகம் என்பது ஒரு வேலை. ஆள் சும்மா இருந்தாலும் அது சும்மா இருக்காது. எட்டாவதோடு நின்றவள் அக்கா, அவள் எழுத்தும் சாயும். நாள்காட்டித் தாளைக் கிழித்தெறியாமல் ஆணியில் குத்தி வைக்கிறவள். நம் ஜில்லாவில் பாதி வீட்டில் அப்படித்தான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவள் ஊரிலிருந்து இங்கே இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அப்படியானால் யாரோ கொண்டுவருகிறார்கள். யார்?

மனைவியிடம் கேட்டேன்.

“ஆமா, உங்கக்கா சீட்டெழுதி எங்கிட்ட குடுத்து அனுப்புறாங்க. நான் முந்தானையில முடிஞ்சுட்டு வந்து போடுறேன். போங்க, வேற வேலையிருந்தா பாருங்க” என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே எனக்கு இன்னொரு சந்தேகம்.

கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டேன். “யாரு போடுறாங்கன்னு நான் எப்புடி சார் பாக்குறது? மாதாவுக்குத்தான் வெளிச்சம். வேணும்னா கேமரா மாட்டுங்க” என்று துடைப்பத்தைத் தட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பங்குத் தந்தை, கேட்டுக் களைத்துப் போகாதீர்கள், தாழ்ந்து கேளுங்கள், விடாமல் கேளுங்கள் என்றார். சொல்லும்போது என் பக்கம் பார்த்தார். அவரும் கூட்டா?

விடாமல் கேட்பது செபமா, தொல்லையா? வாராவாரம் என் கையாலேயே என்னை இழுக்கப் பார்க்கிறாளே, இதில் தாழ்மை எங்கே இருக்கிறது? மனதுக்குள் அக்காவோடு இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். ஆனால் பெட்டியைத் திறந்ததும் என் விரல் முதலில் தேடியது அந்தப் பென்சில் தாளைத்தான். கடைசிவரை காணவில்லை என்றால் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பேன். போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வேண்டப்படுவதில் ஒரு ருசி இருந்தது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, நேரத்தோடு போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் குங்குமம். சின்ன வெங்காயம் ஆய்ந்து காய்ந்துபோன விரல்கள். இடுப்பிலிருந்து தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் போட்டார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். நேராக வந்தார்.

“ஏங்க, மைக்குல வாசிக்கிறவரு நீங்கதானுங்களே?”

“ஆமாங்க.”

“எம் மனுவ மட்டும் ஏங்க வாசிக்க மாட்டேங்கிறீங்க? கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழமை குடுத்தாக்கூட பேரச் சொல்லிக் கூப்புட்டு, சீல் குத்திக் குடுக்குறாங்க. இங்க ஆடியிலேர்ந்து குடுக்குறேன். ஒருக்கா வாசிச்சுட்டீங்கன்னா நான் பாட்டுக்கு இருப்பேன். வாசிக்கலேன்னா ஆத்தாளுக்கு எப்புடிப் போய்ச் சேரும்?”

“வாரா வாரம் வாசிச்சேங்க. உறவுகள் மலர்ந்திடன்னு...”

“அது எந்தூட்டு மலரு?” என்றார். “எந்தம்பி ஆண்டிமடத்துல மாமியா வூட்டோட கெடக்கான். எங்கூட நாலு வருசமாப் பேச்சில்ல. அவன் வரணும்னு எழுதுனா நீங்க பூவு பூக்குதுங்கறீங்க.”

பேசிக்கொண்டே போனார். மனுவில் ஏதோ தப்பு, அதனால்தான் தள்ளிவைக்கிறார்கள் என்று நினைத்து, வேறு பென்சில் வாங்கிக்கூட எழுதிப் பார்த்தாராம். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொண்டு வருகிறேன் என்றார்.

பிழை. அவர் எழுத்தில்.

அவருடைய விடாமுயற்சி என்று நான் எரிச்சல்பட்டதெல்லாம் நான் வாசிக்காததால் வந்தது. அன்றைக்கு அந்தச் சீட்டை முதலாவதாக எடுத்து, இருந்தபடியே வாசித்தேன். ‘எந்தம்பி எவ்வூட்டு வாசப்படி மிதிக்கணும் தாயே.’ முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் பதில் சொன்னார்கள். கடைசி வரிசையில் அந்த அம்மா, சீல் விழுந்த மாதிரி தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு எழுந்து போனார். பிறகு அந்தச் சீட்டு வரவேயில்லை. தம்பி வந்தானா, மனு சேர்ந்துவிட்டது என்று இருந்துவிட்டாரா, தெரியாது.

எனக்கு மிஞ்சியது வேறொன்று. அக்கா எழுதவில்லை. என் வரவுக்காக யாரும் முழங்காலில் நிற்கவில்லை. அந்த ஆறு வருடமும் என் பெயரில் ஒரு சீட்டுகூட எங்கும் விழவில்லை. கோபக்காரனாக இருப்பதைவிட அது கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்து பஸ் ஏறினேன். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. திரும்பிவிடலாம் என்று இரண்டு ஸ்டாப்பில் நினைத்தேன். வரதராஜன்பேட்டையில் அக்கா வாசலில் முறம் வைத்து உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது.

“எங்க வந்தே?”

“உன்னப் பாக்கத்தான்க்கா.”

“பாத்துட்டேல்ல” என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவு பாதி திறந்தே இருந்தது. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா? அரைமணி நேரம் அந்தக் கதவைச் சந்தேகப்பட்டு நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு, “முந்திரி உடைக்க ஆள் வருது, இப்ப பேச நேரமில்ல” என்றாள். ஆள் யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு, “எதுக்கு வாராவாரம் வர்ற? என்னதான் வேணும் ஒனக்கு?” என்றாள்.

ஊர் வேண்டுதலுக்கெல்லாம் நகை போட்டு அனுப்புகிறவன் நான். எனக்கென்று ஒரு வரி வரவில்லை. “அன்னிக்கு நான் பேசினது தப்புக்கா” என்றேன். அவ்வளவுதான் இருந்தது.

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்: “காலையிலேயே கரண்டு போயிருச்சுடா. ஐஸ் பொட்டி நின்னு போச்சு. சித்திரை வெயிலு. அம்மா மூஞ்சிய நீ அப்புடிப் பாக்க வேணாம்னுதான் சீக்கிரம் எடுத்தோம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

வெட்கத்தை விட்டு நான் கேட்டேன், “நான் வரணும்னு நீ என்னிக்காவது செபம் பண்ணியாக்கா?”

“மொத வருசம் பண்ணேன். அப்புறம் முட்டிவலி, விட்டுட்டேன்” என்றாள். உண்மையா, என்னைச் சீண்டுகிறாளா? முகத்தை உற்றுப் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை.

“என்ன பாக்குற? வெயில்ல நிக்காத. செருப்ப உள்ளார எடுத்து வை, இந்தத் தெரு நாயி ஒத்தச் செருப்பத் தூக்கிட்டுப் போயிரும்” என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோறு இருக்கிறதா என்று பார்க்க அடுப்பங்கரைக்குப் போனாள்.