யாருங்க என்று கேட்காத ஆள்

நம்பினால் நம்புங்கள், மீட்டரில் முள் அசையாத எதையும் நான் ஒத்துக்கொண்டதில்லை. சூலூரில் தறி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். பேய்க்கதையை யாராவது ஆரம்பித்தால் டீ குடிக்கப் போய்விடுவேன். நீங்களும் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உடுமலைப்பேட்டை கவிதா அக்கா புதன்கிழமை சாயங்காலம் ஆன்லைனில் ஒரு விளையாட்டு நடத்துவார். அவர் கதை சொல்வார், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும், பிழைப்பதும் சாவதும் இருபது முகப் பகடை பார்த்துக்கொள்ளும். கேமரா கிடையாது, குரல் மட்டும். நான் புதுசு, வைத்தியன் வேஷம். பாத்திரம் செத்தால் அடுத்த கதைவரை வெளியே உட்கார வேண்டும், எனக்கோ சினேகிதம் என்று இருந்ததே அந்தக் கூட்டம்தான், அதனால் ஒவ்வொரு முறையும் உதறல். நல்லவேளை, ஆண் குரலில் ஒருத்தர் மட்டும் "பதறாதீங்க கண்ணு, உருட்டுங்க" என்பார். பெரிய எண்ணாக விழும்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டில் நேரில் ஆடக் கூடினோம். அக்கா, பவானியிலிருந்து வந்த செந்தில், நான். ஆன்லைனில் மியூட் போட்டுவிட்டு முழிக்கலாம், நேரில் முழிப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

"ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்காரரு ஆட வரலீங்களா?" என்றேன்.

"அவரு எப்பங்க ஆடுனாரு?"

"பதறாதீங்கன்னு சொல்லுவாரே!"

"அது உங்க மாமன்னுல்ல நெனச்சேன்!"

செந்தில் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேத்துக்கும் சொந்தம்னு நான் நெனச்சுபோட்டேனுங்க. யாருன்னு கேட்டா மரியாதையா இருக்குமுங்களா?"

சிரித்தோம். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

அன்றைக்கென்று கதையில் என் வைத்தியனை முதலை பிடித்தது. இருபது விழுந்தால்தான் பிழைப்பான். வேகமாக உருட்டியதில் பகடை சோபாவுக்கடியில் ஓடிவிட்டது. செந்தில் தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்து, "இருபதுங்க!" என்று கத்தினார். நான் துள்ளிக் குதித்தேன்.

அடுத்த புதன்கிழமை, யாரென்று கேட்டேவிடுவது என்ற முடிவோடு மூன்று பேரும் ஆன்லைனில் வந்தோம். வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"மூணுதானுங்க விழுந்துச்சு. நாந்தான் திருப்பி வெச்சேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

அக்கா, "ரொம்பச் சந்தோசமுங்க," என்றார். அப்புறம் கதையைத் தொடர்ந்தார்.

இன்னமும் ஆடுகிறோம், வைத்தியனும் சாகவில்லை. ஆனால் போன வாரம் பட்டறையில் தனியாக இருந்தபோது, எந்த வயரிலும் மாட்டாமல் மேசைமேல் கிடந்த மீட்டரில் முள் அசைந்தது.

"வாங்க," என்றேன். யாருங்க என்று கேட்க இன்னும் வாய் வரவில்லை.