தீபத்தன்று பீபி ஜான் வீட்டுக்குப் போனவர்

"நீ என்னதான் சொல்ல வர்ற, சிந்துஜா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

எதிர்வீட்டுக்காரி குழாயடியில் குடத்தோடு நெளிந்தாள். "நான் சொல்லல ஆயா, தெருவே பேசுது. வருசா வருசம் தீபத்தன்னிக்கு தாத்தா அந்த பாய் வீட்டம்மாவப் பாக்கப் போவாராம். இந்த வருசம் அந்தம்மா செத்த அன்னிக்கே இவரும் செத்துட்டாரு, அப்டின்னா..."

"அப்டின்னா? முழுசா சொல்லேன்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டாள். அதனால் நான் முழுசாகச் சொல்கிறேன். என் பேத்தி கவிநிலா, நீ ஒரு எழுத்து விடாமல் எழுது.

என் வீட்டுக்காரர் ஆதிமூலம் மிலிட்டரியில் லாரி ஓட்டியவர். நம் ஊர் அன்வர் பாஷாவும் அதே பட்டாளம். ஒரு கார்த்திகைக்கு இருவரில் ஒருவருக்குத்தான் லீவு. கிடைத்தது அன்வருக்கு. "உங்க ஊட்டுப் பண்டிக, நீ போடா. நான் ரம்ஜானுக்குப் போய்க்கறேன்" என்று விட்டுக்கொடுத்தார். இவர் இங்கே மாடியில் நின்று மலையில் தீபம் பார்த்த அதே சாயங்காலம், இவர் ஓட்டியிருக்க வேண்டிய லாரியோடு அன்வர் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனார். மனைவி பீபி ஜான் அப்போது மொஹ்சினை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் இவர் தீபத்தைப் பார்த்ததே இல்லை. ஊரே மலையைப் பார்த்துக் கும்பிடும் நேரத்தில், பீபி ஜான் வீட்டு வாசல்படியில் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அவள் டீ கொடுப்பாள். நானும் கூடப் போயிருக்கிறேன். இருவரும் நாலு வார்த்தை பேசினாலே ஜாஸ்தி.

வீட்டில் எல்லார் துணிக்கும் அவர்தான் இஸ்திரி. உன் ஷூவில் முகம் தெரிய வேண்டும். சோற்றுக்குக் கூப்பிட்டால், "கடைசி ஆளு துன்னாதான் டிரைவர் துன்னுவான்" என்று மருமகள் உட்காரும்வரை காத்திருப்பார்.

முட்டிவலி தவிர ஒரு நோயும் கிடையாது. பீபி ஜானை அடக்கம் செய்த இடத்தில் மூன்று பிடி மண் போட்டு நிமிர்ந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை என்று மொஹ்சின் வந்து சொன்னான். "யாரு?" என்று கேட்டேன். மறுபடி சொன்னான். மறுபடியும் "யாரு?" என்றுதான் கேட்டேன். இன்றும் துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் அதையேதான் கேட்கத் தோன்றுகிறது.

அன்று காலையில் அகல்களைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். பீபி ஜான் மவுத்தாகிவிட்டாள் என்று போன் வந்தது. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மகன் வேணு மறித்தான். "தீபத்தன்னிக்கு சாவு வீடா, நைனா? தீட்டோட வந்து எப்டி விளக்கு ஏத்துவ? கூட்டத்துல ஆட்டோகூட உள்ள வுட மாட்டான்."

"நடந்து போறேன்."

"அந்த முட்டிய வெச்சிக்கினா? எம்மா, நீயாவது சொல்லு!"

இவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றிருந்தால் நின்றிருப்பார்.

"நீங்க போயி தோள் குடுத்துட்டு வாங்க. விளக்க நான் ஏத்திக்கறேன்" என்றேன்.

"சந்திரா, கொஞ்சம் தைலம் தேச்சு வுடு."

உட்காரவைத்து, இரண்டு முட்டிக்கும் தேய்த்துவிட்டேன். நானே கதவைத் திறந்தேன். வேங்கிக்கால் ரோட்டில் மலையைச் சுற்றப் போகிற ஜனங்களோடு, தெருவே பார்க்கப் பட்டப்பகலில் நடந்தார். நான் அனுப்பித்தான் போனார்.