யூஸ்ட் டு என்றால் வழக்கம்

பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டு முடிய நேரமாகிவிட்டதால், அந்தச் சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்புக்கு அரைமணி நேரம் பிந்திப் போனேன். குன்னூரில் ஒரு சர்ச் ஹாலில் வாரம் ஒருநாள் நடக்கும் இலவச வகுப்பு அது. டீச்சர் போர்டை அழித்துவிட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்து அவசரமாக எழுதிக்கொண்டேன்: ‘யூஸ்ட் டு – வழக்கம்’. அவள் ‘முன்பிருந்த வழக்கம்’ என்று எழுதியிருக்கிறாள். அந்த முதல் சொல் என் கண்ணில் படவில்லை.

எனக்கோ அந்த யூஸ்ட் டுவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எதற்கெடுத்தாலும் அதைத்தான் போட்டேன். ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ். ஐ யூஸ்ட் டு குக். ஐ யூஸ்ட் டு லவ் மை ஹஸ்பண்ட். சொல்லும்போதே பெரிய படிப்பு படித்தவள் மாதிரி இருந்தது.

எல்லாம் ஒரு வேலைக்காகத்தான். டீ ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு, இலை எப்படித் தூளாகிறது என்று விளக்கிச் சொல்ல எங்கள் எஸ்டேட்டில் ஆள் தேடினார்கள். பன்னிரண்டு வருஷமாக மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறிக்கிற எனக்கு, கூரைக்குக் கீழே நின்று பேசுகிற வேலை. அது கிடைக்காவிட்டால் என் முதுகு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கே தெரியவில்லை.

இன்டர்வியூவில் மேனேஜரம்மா, இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஐ யூஸ்ட் டு ப்ளக் டீ, மேடம்.”

“வென் டிட் யூ ஸ்டாப்?”

“நோ ஸ்டாப், மேடம். டுமாரோ ஆல்ஸோ ஐ யூஸ்ட் டு கோ.”

அவர் குபீரென்று சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “தப்புன்னா சொல்லிக் குடுங்க மேடம், சிரிக்காதீங்க” என்று சொல்லியே விட்டேன். என் வாய்தான் எனக்கு எதிரி.

அவர் சிரிப்பை நிறுத்தினார். “மன்னிச்சுக்குங்க. யூஸ்ட் டுன்னா முன்னாடி செஞ்சுட்டு இருந்து, இப்ப விட்டுட்டதுங்க” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் ஒரு மாதமாக நான் சமைக்கவில்லை, விடிகாலையில் எழவில்லை, கட்டின புருஷன் மேல் ஆசையும் வைக்கவில்லை! இந்தத் தடவை சிரித்தது நான்தான். அவரும் சேர்ந்துகொண்டார்.

“சரி, கொழுந்து பறிச்சிருக்கீங்களான்னு வர்றவங்க கேப்பாங்க. திங்கக்கிழமை வேலையில சேந்தப்புறம் அவங்களுக்கு என்னன்னு சொல்லுவீங்க?”

கேள்வி மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆயிற்று. சேர்ந்தப்புறம் என்கிறார்! யூஸ்ட் டுவை மறுபடி நம்ப எனக்குத் தைரியமில்லை.

“ஐ ப்ளக்ட் டீ. ட்வெல்வ் இயர்ஸ்” என்றேன்.

ப்ளக்ட் என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பறித்தாயிற்று. திங்கட்கிழமை நான் கொழுந்துக்குப் போக வேண்டியதில்லை. மேனேஜரம்மா முன்னாலேயே, வெட்கமில்லாமல், சந்தோஷத்தில் அழுதேன்.