இரைச்சல் இல்லாத பெட்டி

அப்பா ஒரு சாமான் வாங்கப் புறப்பட்டால் அந்தக் கடைக்காரருக்கு ஏழரைச் சனி பிடித்துவிட்டது என்று அம்மா சொல்வார். ஒரு குடை வாங்குவதென்றாலும் விரித்து, அதன் கீழ் நின்று, அண்ணாந்து பார்த்து, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று ஊசி ஓட்டை தேடுவார். கொழும்பு ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கும் ஒரு யார்டில் எழுதுவினைஞராக இருந்தார். வந்த பெட்டிக்கும் போன பெட்டிக்கும் கணக்குச் சரிபார்த்துச் சரிபார்த்தே அந்தக் குணம் வந்ததா, அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. எப்படியோ, எங்களுடைய வெள்ளவத்தை வீட்டில் ஒரு நல்ல சாமானும் அவசரத்தில் வாங்கப்பட்டதில்லை.

அந்த வருடம் அவர் தேடித் திரிந்தது பிரீஆம்ப் என்ற ஒரு பெட்டி. எனக்கு அப்போது ஒன்பது வயது. பெயரே வாயில் நுழையவில்லை.

அம்மா பாடுவார். கோயிலில் தேவாரம் பாடுவார், சனிக்கிழமைகளில் முன்னறையில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பார். அந்தப் பிள்ளைகளின் சுருதி சேராத கத்தல்களுக்கு நடுவே அம்மாவின் குரல் வந்து உட்காரும்போது, தெருவில் போகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நடையைத் தளர்த்துவதை நான் யன்னலால் பார்த்திருக்கிறேன். அவருடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் புளியங்கொட்டை அளவில் இருந்தது வளர்ந்தது. பெரியாஸ்பத்திரியில் கட்டியை எடுத்தேயாக வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு அதற்கு அடியில்தான் ஓடுகிறது, கட்டி அதையும் பிடித்திருந்தால் வெட்ட வேண்டி வரும், உயிருக்குப் பயமில்லை, குரலுக்கு உறுதி சொல்ல மாட்டேன் என்றார் டொக்டர். அதுவரைக்கும் தொண்டையைச் சிரமப்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். சனிக்கிழமைப் பிள்ளைகள் நின்றுபோனார்கள்.

அன்றிரவு சாப்பிடும்போதே அப்பா தீர்மானித்துவிட்டார். ஒப்பரேசனுக்கு முன் அம்மாவின் பாட்டைப் பதிவுசெய்ய வேண்டும்.

“இந்த ரேடியோவிலயே பிடிச்சா என்ன? பட்டனை அமத்தினாச் சரிதானே” என்று அம்மா கேட்டார். எங்கள் வீட்டு ரேடியோவில் கசெற் போட்டுப் பதிவுசெய்யலாம்.

“உதில பிடிச்சா உம்மட குரல் தகரக் கூரையில மழை பெய்யிற மாதிரி இருக்கும். சும்மா இரும், நான் பாக்கிறன்” என்றார் அப்பா.

அவர் பார்த்த பார்வை ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது. ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டு நொடித்துப்போன ஒருவரிடம் நல்ல மைக் ஒன்றை மலிவாக வாங்கினார். அலுவலக நண்பர் ஒருவரிடம் கசெற் டெக் ஒன்றை இரவல் கேட்டு வந்தார். ஆனால் அந்த டெக்கில் மைக்கை நேராகச் செருக வழியில்லை. இடையில் ஒரு பெட்டி வேண்டும். மைக்கிலிருந்து வருவது நூல்போன்ற மெல்லிய சத்தம், அதைத் தூக்கிப் பெரிதாக்கி டெக்குக்குக் கொடுக்கிற வேலை அந்தப் பெட்டிக்கு. தூக்கும்போது பெட்டிக்கும் மூச்சு வாங்கும், அந்த மூச்சு பாட்டோடு சேர்ந்துவிடும், அதுதான் இரைச்சல் என்று அப்பா எனக்கு விளக்கினார். உரத்துப் பாடுகிறவர்களுக்கு எந்தப் பெட்டியும் போதும். அம்மா மெல்லத்தான் பாடலாம். மெல்லிய குரலை நிறையத் தூக்க வேண்டும். நிறையத் தூக்கியும் மூச்சு வாங்காத பெட்டி வேண்டும், அதுவும் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில்.

புறக்கோட்டைக் கடைக்கு என்னையும் கூட்டிப்போவார். கடைக்கார முதலாளி சிங்களவர், நல்ல மனுசன். அப்பா மைக்கைச் செருகாமலே பெட்டியின் திருகுகளை எல்லாம் கடைசிவரை திருப்பிவிட்டு, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி நிற்பார். மற்றவர்கள் பாட்டுக் கேட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள், இந்த மாத்தயா ஒன்றுமே கேட்காததைக் கேட்டுப் பார்க்கிறார் என்று முதலாளி சிங்களத்தில் பகிடி விட்டார். பிறகு ஹெட்போன் என் காதுக்கு வரும். ஒரு பெட்டியில் ஒன்றுமே கேட்கவில்லை. அதன் விலையைக் கேட்டதும் அப்பா அதைத் தொட்ட கையை எடுத்துவிட்டார். எங்களுக்குக் கட்டுப்படியான பெட்டியில் எங்கோ தூரத்தில் யாரோ மா அரிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அழகான பெட்டி, பச்சை விளக்கெல்லாம் எரியும், கம்பனிப் பெயர் பொன்னிறத்தில் இருக்கும். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

அப்பாவின் தொந்தரவு தாங்காமல், வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று முதலாளி அதை இரண்டு நாளைக்குக் கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியின் வயரையும் பிடுங்கினார். அம்மா மைக்குக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து சுருதிப்பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். முகத்தில் சனிக்கிழமைகளின் களை வந்திருந்தது.

“ஒருக்காப் பாடிப் பாக்கட்டே?”

“வேண்டாம், வேண்டாம். தொண்டையை வீணாக்காதேயும். எல்லாம் சரிவந்த பிறகு ஒரேயொருக்காப் பாடினாப் போதும். இப்ப எல்லாரும் பேசாம இருங்கோ. நான் இரைச்சலைப் பாக்கோணும்.”

அப்பா பதிவுப் பட்டனை அமத்தினார். நாங்கள் மூவரும் வேர்க்க வேர்க்கச் சும்மா இருந்தோம். கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போனது. நான் சிரித்துவிடப் பார்த்தேன், அப்பா “ஸ்ஸ்” என்றார். கனநேரம் கழித்து அம்மா ஏதோ கேட்டார், அப்பா பதிவை நிறுத்தினார். கசெற்றைப் போட்டுக் கேட்டால் இரைச்சல்தான். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த நாளே பெட்டி கடைக்குத் திரும்பிப் போனது.

கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்துகிற ஒருவர் இப்படியான பெட்டிகளைக் கையால் செய்து கோயில்காரருக்குக் கொடுக்கிறார் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். கடை விலையில் காற்பங்குதான் வரும். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “பில்லோட உள்ளதை வாங்குங்கோ. கரைச்சல் இல்லை” என்றார். பழுதானால் மாற்றித் தருவார்கள் என்பதற்காகச் சொல்கிறார் என்று அப்பா நினைத்தார். “அவர் கெட்டிக்காரர், பழுதாகாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒப்பரேசனுக்கு அம்மாவை வியாழக்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்திய திங்கட்கிழமை பின்னேரம் பெட்டி தயாராகிவிட்டது. அப்பாவோடு நானும் போனேன். அது ஒரு பிஸ்கற் தகரப்பெட்டி. உள்ளே சின்னச் சின்ன உறுப்புகள், சிவப்பும் கறுப்புமாக வயர்கள், கறுப்புப் பட்டி சுற்றிய இரண்டு பற்றரிகள். வீட்டு மின்சாரத்தில் ஓடினால் ஊமென்று ஒரு சத்தம் சேரும், பற்றரியில் அது இராது என்று செய்தவர் சொன்னார். ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். என் காதுக்குள் என் இரத்தம் ஓடுவதுதான் கேட்டது.

“எப்பிடி சேர்?” என்றார் அவர்.

 அப்பாவின் கண் கலங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவைப் போல எச்சரிக்கையான தமிழர் கொழும்பில் குறைவு. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையில் இல்லாமல் பாண் வாங்கக்கூடப் போக மாட்டார். பஸ்ஸில் தமிழில் கதைக்க மாட்டார், என்னையும் கதைக்க விட மாட்டார். திருத்தக் கொடுத்த எலாரம் மணிக்கூட்டைக் கையில் கொண்டுவரப் பயந்து, கடைக்காரரையே வீட்டில் கொண்டுவந்து தரச்சொன்னவர். குண்டுகள் வெடித்த அந்தக் காலத்தில் தமிழன் கையில் வயரோடு ஒரு சாமான் இருந்தால் அதன் பெயர் என்ன என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இது எல்லோரையும்விட அவருக்குத் தெரியும். அந்த ஒரு பின்னேரம் மட்டும், இரைச்சல் இல்லாத பெட்டி கிடைத்த சந்தோசத்தில், தான் யார் என்பதை அவர் மறந்துபோனார்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு தமிழில் கதைத்துக்கொண்டு வந்தார். நாளைக்குப் பின்னேரம் பிடிப்போம், முதலில் தேவாரம், பிறகு கீர்த்தனை என்றார். வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதியின் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அப்பா வரிசையில் நின்று, கேட்பதற்கு முன்பே மூடியைத் திறந்து காட்டினார். திறந்தபோதுகூடப் பெருமையாகத்தான் திறந்தார்.

பொலிஸ்காரப் பொடியன் உள்ளே ஒருமுறை பார்த்தான். பின்னுக்குப் பாய்ந்தான். யாரோ கத்தினார்கள். வரிசை சிதறியது. அப்பாவை நிலத்தில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அவர் தன் நல்ல அலுவலகச் சிங்களத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, இது பாட்டுக்கு, என் மனைவியின் பாட்டுக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை ஜீப்பில் ஏற்றுகிறபோது என்னைத் தேடிப் பார்த்தார்.

“நான் வந்திடுவன் பிள்ளை. அம்மாவைப் பாட விடாதை. நான் வந்து பிடிக்கிறன்.”

பஸ்ஸில் வந்த ஒரு சிங்கள அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவர் வழியெல்லாம் அழுதார். நான் அழவில்லை. அப்பா சொன்னதை அப்படியே அம்மாவிடம் ஒப்புவித்தேன்.

அடுத்த இரண்டு நாளும் தொண்டையைச் சிரமப்படுத்தக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்த அம்மா விடாமல் கதைத்தார். அப்பாவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடி ஒவ்வொரு இடமாகப் போய், ஒவ்வொரு மேசைக்கும் முன்னால் நின்று, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதே கதையைச் சொன்னார். மைக் என்றால் என்ன, அந்தப் பெட்டி எதற்கு, இரைச்சல் என்றால் என்ன என்று அப்பா எனக்குச் சொன்னதையெல்லாம் அம்மா அவர்களுக்குச் சொன்னார். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. பின்னேரங்களில் வீட்டுக்கு வரும்போது அவருடைய குரல் அடைத்துப்போயிருக்கும். எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. அவரிடம் மிஞ்சியிருந்த குரலெல்லாம் அந்த மேசைகளில் செலவாகிப் போனது.

புதன்கிழமை இரவு, கல்கிசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வந்த பெரியம்மா, ரேடியோவிலயாவது ஒரு பாட்டைப் பிடித்து வை என்று அம்மாவைக் கெஞ்சினார். அம்மா சுருதிப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு துணியால் மூடினார்.

“அவர் வரட்டும்” என்றார்.

நாளைத் தள்ளிப்போட டொக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டி நரம்பைப் பிடித்திருந்தது. வெட்டிவிட்டார்கள்.

அப்பா ஒரு மாதத்துக்குப் பின் வந்தார். அலுவலகப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டதால் விட்டார்கள். பெட்டியைத் திருப்பித் தரவில்லை. அப்பாவின் இடது காதில் அடித்திருந்தார்கள், அந்தப் பக்கம் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. அம்மாவிடம் எஞ்சியிருந்தது காற்றோடு கலந்த ஒரு கிசுகிசுப்பு. அன்று முதல் அம்மா எப்போதும் அப்பாவின் வலப்பக்கத்தில்தான் உட்காருவார். அப்படி நெருங்கி உட்கார்ந்து கதைப்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் புதிதாகக் கல்யாணம் செய்தவர்கள் என்று தோன்றும்.

பல வருடங்களுக்குப் பின் ஒலிப்பதிவு செய்கிற ஒரு பொடியனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, “அக்கா, கசெற்றிலயா பிடிக்க இருந்தவர்? கசெற்றின்ர சொந்த இரைச்சலே கூடுதலா இருக்கும். கடைப்பெட்டியோ தகரப்பெட்டியோ, அதில இரண்டும் ஒண்டாத்தான் கேட்டிருக்கும்” என்றான். அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை.

அப்பா வந்த அந்த வருடம் முழுவதும், வேலையால் வந்து தேநீர் குடித்ததும் ரேடியோவில் ஒரு கசெற்றைப் போடுவார். கடைப்பெட்டியை வைத்து அந்த ஞாயிற்றுக்கிழமை பிடித்த கசெற். வலது காதை ரேடியோவோடு ஒட்டிவைத்துக்கொண்டு இருப்பார். இரைச்சல் ஓடும். ரயில் போகும். “ஸ்ஸ்” என்று அப்பாவே சொல்வார். பிறகும் இரைச்சல். அந்த நேரத்தில் குசினியில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். எனக்குச் சலிப்பாக இருக்கும்.

“அதில ஒண்டும் இல்லையே அப்பா” என்று ஒருநாள் சொன்னேன்.

“ஓம் பிள்ளை, ஒண்டும் இல்லை” என்றார், வலது காதை எடுக்காமலே.

கசெற்றின் கடைசியில், சின்னக் கம்பியைச் சுண்டியது மாதிரித் தெளிவாக, அம்மாவின் குரல் கேட்கும். “முடிஞ்சுதோ? இனிக் கதைக்கலாமோ?” அதோடு பதிவு நின்றுவிடும். அப்பா கொஞ்சம் பின்னால் சுற்றி மறுபடியும் போடுவார். மெசினில் இன்னும் இரைச்சல் இருக்கிறதா என்றுதான் அவர் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.