திருப்பிச் சொன்னவர்

அப்புத்தளையில் ரயில் ஏறியதும் எதிரே இருந்தவரைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். தேய்த்த வெள்ளைக் கால்சட்டை. யாழ்ப்பாணத்துக்காரர். இரத்மலானையில் விமானங்களுக்கு ஏறவும் இறங்கவும் உத்தரவு கொடுக்கும் கோபுரத்தில் வேலை என்றார். நானோ தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷினைப் பார்ப்பவன்.

எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வது அவர் பழக்கம். வடைக்காரன், "சூடு, பாத்துப் பிடிங்க" என்றான். "சூடு" என்று சொல்லிவிட்டே வாங்கினார்.

எத்தனை மணித்தியால வேலை என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை விரித்தார். அவர் பெயருக்கு நேரே வேலை நேரமும் ஓய்வு நாளும் டைப் அடித்திருந்தது.

"மாத்துற ஆள் வராட்டி?"

"வருவார். களைச்ச ஆளை அந்தக் கதிரையில இருக்க விடமாட்டினம்."

எங்களுக்கோ அன்று வந்த கொழுந்து முடியும்வரை நின்ற காலில்தான் வேலை. எரிச்சலில் சொல்லிவிட்டேன்: "நேத்து பதினாறு மணித்தியாலம் நின்னேங்க. மாத்த ஆளில்ல."

"பதினாறு மணித்தியாலம். மாத்த ஆளில்லை" என்றார், என் முகத்தைப் பார்த்து.

"ஏங்க எல்லாத்தையும் திருப்பிச் சொல்றீங்க?"

"வேலைப் பழக்கம். நாங்கள் சொல்றதை விமானியும், விமானி சொல்றதை நாங்களும் திருப்பிச் சொன்னால்தான் காதில விழுந்தது எண்டு அர்த்தம். சொல்லாட்டி விடமாட்டம்."

பதுளையில் பிரிந்தோம். அவருடைய ஓய்வு நாள்கள் மேலிருந்த பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. அதே பதினாறு மணித்தியாலத்தை நான் தோட்டத்துப் பெரிய அதிகாரியான துரையிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "சரி, போ" என்பார். சொன்னதைக் கேட்டேன் என்று பதில் வரும் இடத்தில் அந்த மனிதர் வேலை பார்த்தாரே, அந்த வயிற்றெரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.