கணக்கில் வராத பாடம்

யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு அது லேசில் மறக்காது. ஷபானா சொன்ன இரண்டு வார்த்தைகள் இன்னும் காதிலேயே இருக்கின்றன.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள். பிஎச்டி மாணவி. கூடவே, படிக்கிற கல்லூரியிலேயே முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கும் எடுத்தாள். மற்றவர்களை மேடம் என்கிற பிள்ளைகள் இவளை மட்டும் அக்கா என்பார்கள். சந்தேகம் என்றால் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

"நானே நேத்து வரைக்கும் முழிச்ச இடம் ஆன்ட்டி. அவங்க எங்க முழிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரிப்பாள்.

"உன் வேலையப் பாரும்மா" என்பேன்.

"இந்தப் பேப்பர் கட்ட மட்டும் திருத்திடறேன்."

ஒரு கட்டு முடிந்தால் அடுத்த கட்டு வந்துவிடும். அவள் ஆய்வேடு மட்டும் பாதியிலேயே நின்றது. கெடு முடிந்தது, இனி நீட்டிக்க முடியாது என்று கல்லூரியில் கைவிரித்துவிட்டார்கள்.

"பாடம் எடுத்ததெல்லாம் கணக்குல வராதாம் ஆன்ட்டி" என்றாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் மூன்று பெண்கள் இனிப்போடு வந்தார்கள். "அக்கா கீறாங்களா ஆன்ட்டி? நாங்க எல்லாரும் பாஸ்!"

"ஊருக்குப் போயிருக்காம்மா."

"நானும் அக்கா மாதிரியே பிஎச்டி பண்ணிக்கினே பாடம் எடுக்கப் போறேன்" என்றாள் ஒருத்தி.

வேண்டாம்மா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அக்கா இல்லையென்றால் இவளுக்குக் கணக்கே வந்திருக்காதே! ஒரு லட்டை எடுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஆராய்ச்சி செய்துகொண்டே பாடம் எடுக்கும் பிள்ளை யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உன்னுது எதுவரைக்கும் வந்துகீதும்மா?"