காணிக்கைப் பையும் படுக்காத மூலக்கூறுகளும்

பாறசாலை டியூட்டோரியல் ஒன்றில் இயற்பியல் நடத்திவந்த காரோடு ஊர்க்காரர் யோசுவா, 1994-ல் உலகத்துக்கு ஒரு பேருபகாரம் செய்யப் புறப்பட்டார். திரவப் படிகத்தின் மூலக்கூறுகளைப் படுக்க வைப்பதே அது. டிஜிட்டல் வாட்சில் எண் காட்டுகிற அதே சரக்குதான். கண்ணாடித் தகட்டில் பாலிமரை மெல்லிசாகப் பூசி வெல்வெட்டால் ஒரே திசையில் தேய்த்தால், தேய்த்த வாக்கில் மூலக்கூறுகள் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் வெளிச்சம் தெரியும். தெரிந்தால் பி.எச்டி. அதன்பின் கல்லூரி வேலை.

வெல்வெட்டுக்கு அவர் அலையவில்லை. சர்ச்சில் கழித்துப்போட்ட வெல்வெட் காணிக்கைப் பை வீட்டில் இருந்தது.

தேய்த்த தகடுகளை பஸ்ஸில் மடியில் ஏந்தித் திருவனந்தபுரம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். இருட்டு. மறுபடி தேய்த்தார்; மறுபடியும் இருட்டு. ஒன்றும் படுக்கவில்லை. சர்ச்சில் பாட்டு எண் சொன்னதும் எழும் சபைபோல மொத்தமும் நின்றன.

வழிகாட்டிப் பேராசிரியர் வெல்வெட்டைக் கொண்டுவரச் சொல்லி முகர்ந்தார்.

"சோப்பாக்கும் இது! சோப்பு தலையக் கண்ணாடியில ஊணி வால மேல நீட்டி நிக்கும். அதுக்க இடையில மாட்டுன மூலக்கூறு பின்ன எங்ஙன படுக்கும்? நான் இந்த மாசத்தோட ரிட்டயர்டு. வெள்ளிக்கிழம கடைசியா ஒண்ணு பாக்கலாம்."

யோசுவா வீட்டுக்கு வந்து மனைவி புஷ்பபாயிடம் கேட்டார்.

"ஏட்டி புஷ்பம், வெல்வெட்ட நனச்சியா?"

"பின்ன? கர்த்தருக்க காணிக்க வாங்குன சாதனமாக்கும். அழுக்கோடயா தேய்ப்பிய? உங்களுக்குச் சரியா வரல்லேன்னு போன தடவ சோப்புப்பொடி கூடுதல் போட்டேன்."

அவருடைய பி.எச்டிக்காக உபவாசம் இருக்கிறவள். அவளை என்னவென்று ஏசுவது? நெய்யாற்றின்கரையில் புது வெல்வெட் வாங்கினார். துணியைத் தொடமாட்டேன் என்று அவளிடம் சத்தியமும் வாங்கினார். வியாழக்கிழமை தேய்த்துவைத்தார். வெள்ளிக்கிழமை நுண்ணோக்கியில் குனிந்தார்.

இருட்டு.

பேராசிரியர் அவர் தோளைத் தட்டிவிட்டு, மேசையை ஒழிக்கப் போய்விட்டார்.

வாசலிலேயே புஷ்பபாய் கேட்டாள்: "கண்ணாடி நல்ல பளபளன்னு இருந்துதா? ஒரே தூசும் பொடியும். காலையில சோப்புத் தண்ணியில முக்கி எடுத்தேன். துணிய நான் தொடவே இல்ல, கேட்டியளா!"

"இருந்துது" என்றார் யோசுவா.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு எண் சொன்னார்கள். சபை எழுந்தது. யோசுவா மட்டும் உட்கார்ந்திருந்தார். புஷ்பபாய் முழங்கையால் இடித்தாள்.

"எழும்புங்க. ஆளுவ பாக்குது."

முன்னால் நின்றார்கள், பின்னால் நின்றார்கள், இரண்டு பக்கமும் நின்றார்கள். இடையில் மாட்டிய யோசுவாவும் எழுந்து, நிமிர்ந்து நின்றார்.